ஃப்ரீசரில் பால், கராஜில் அடுப்பு

தம்பி,

நேற்று நீ ஃபோனில், "ஃப்ரீசர் மறுபடியும் பதினாலு டிகிரி காட்டுதும்மா, பேசாம புதுசு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். ஆறு வயதில் இந்த நாட்டுக்கு வந்த பிள்ளை தமிழ் மறந்துவிடக் கூடாது என்று பனியிலும் மழையிலும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனேனே, அதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். முதல் பக்கத்தோடு உனக்குப் பொறுமை போய்விடும், "நீயே படிச்சு சொல்லிடு" என்று நித்யாவிடம் நீட்டிவிடுவாய். அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். கராஜ் ஃப்ரீசர் ஏன் கெட்டது என்பதை அப்புறம் பார்க்கலாம், பாலை எடு. நித்யா திங்கட்கிழமை ஆபீஸ் போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் குழந்தைக்கு இருப்பது அவள் எடுத்து உறைய வைத்த அந்தத் தாய்ப்பால் பைகள்தான். சமையலறை ஃப்ரிட்ஜின் மேல் ஃப்ரீசரில் நீ அடைத்து வைத்திருக்கிற ஐஸ்கிரீமையும் வாஃபிளையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, பால் பைகளை உள்பக்கமாக நெருக்கி அடுக்கு. கதவுத் தட்டில் வைக்காதே. ஒவ்வொரு பையையும் அழுத்திப் பார். கல் மாதிரி இருந்தால் கவலையில்லை. முழுக்க உருகிப்போனதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. அதைக் கீழே ஃப்ரிட்ஜில் வைத்து நாளைக்குள் கொடுத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் குழந்தை டாக்டர் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேள். கூகுளைக் கேட்காதே.

அந்தப் பால் எப்படிச் சேர்ந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் பால் போதாமல், குழந்தையின் எடை ஏறாமல், நித்யா தன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் கை தவறி ஒரு பாட்டில் பாலைக் கொட்டிவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம்தான் நான் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வைக்க ஆரம்பித்தேன். ஃப்ரீமான்ட்டில் அந்த மீன் கடைக்காரரிடம் சொல்லி வைத்து, சுறா வாங்கிவரச் செய்து புட்டு பண்ணினேன். கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். "அத்தை, டாக்டர் ஆபீஸ்ல தாய்ப்பால் பத்தி சொல்லித் தர்ற லேக்டேஷன் கன்சல்டன்ட் கிட்ட இதையெல்லாம் சொன்னா நம்ப மாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சுறாவால் பால் ஊறியதா, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கியதால் ஊறியதா, எனக்குத் தெரியாது. ஊறியது. குழந்தை குடித்தது போக மிச்சத்தைப் பையில் ஊற்றி, தேதி எழுதி, கராஜ் ஃப்ரீசரில் அடுக்கத் தொடங்கினோம். வங்கியில் போடுகிற மாதிரி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

இப்போது ஃப்ரீசருக்கு வருகிறேன். நீ என்னைக் கேட்காமல் நாலு பேரைக் கேட்டிருக்கிறாய், பரவாயில்லை. ஆனால் நியூ ஜெர்சியில் மருந்துக் கம்பெனி லேபில் உன் அம்மா இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தாள் என்று ஒருநாளாவது உனக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறதா? மருந்தைக் குளிரில் வைத்து அது கெடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குளிர வேண்டிய பெட்டி ஏன் குளிரவில்லை என்று கண்டுபிடிப்பது அந்த வேலையில் பாதி. அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிவிட்டுக் காத்திரு. நீ செப்டம்பரில் என்ன செய்தாய்? ஒரே சனிக்கிழமையில் குளிர் திருகைக் கடைசி வரை திருப்பினாய், கதவு ரப்பரைப் புதிதாக மாற்றினாய், என் துருவிய தேங்காயையும் கறிவேப்பிலையையும் முருங்கைக்காயையும் வெளியே எடுத்துப் போட்டாய். இதில் எதனால் சரியாகும் என்று யாருக்குத் தெரியும்?

என் தேங்காய் மேல் உனக்கு அப்படி என்ன கோபம் என்று இன்னும் புரியவில்லை. ஃப்ரீசருக்குள் ஒரு சென்சாரை மாட்டி, கதவு திறந்தால் உன் ஃபோனில் மணி அடிக்கிற மாதிரி வைத்தாய். நான் ஒரு பிடி கறிவேப்பிலை எடுத்தால் போதும், சான் ஹோசே ஆபீஸிலிருந்து ஃபோன் வரும்.

"ஃப்ரீசர் திறந்தியாம்மா?"

"திறக்காம எப்படிடா எடுக்கறது?"

"இல்ல, அலெர்ட் வந்துது. ஒரு நிமிஷத்துக்கு மேல ஓப்பன்ல இருந்துதாம். க்விக்கா மூடிடும்மா, ப்ளீஸ்."

ப்ளீஸ் சொன்னாய், அதனால் திட்டவில்லை. ஆனால் அந்த சென்சார்தான் எனக்கு உதவியது. சூடு ஏறி இறங்குவதைக் காட்டும் அதே வரைபடம் நித்யாவின் ஃபோனிலும் வரும் அல்லவா? அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். கதவே திறக்காத நாட்களிலும் காலையில் சூடு ஏறியிருந்தது, மத்தியானத்துக்குப் பிறகு மெதுவாக இறங்கியிருந்தது. குழந்தைக்கு ஊசி போட நாம் எல்லோரும் கிளம்பிப் போன அன்றைக்கு மட்டும் ஏறவே இல்லை. அன்றைக்குத்தான் நான் கராஜ் அடுப்பில் சமைக்கவில்லை.

இருந்தாலும் நான் வரிசை தப்பாமல்தான் பார்த்தேன், நீயும் அப்படியே பார். பெட்டியின் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல், ஒரு சின்ன தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து, ஒரு ராத்திரி கதவைத் திறக்காமல் விட்டுவிட்டுப் படி. ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழு. இழுக்கும்போது பிடித்துக்கொண்டால் ரப்பர் நன்றாக இருக்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. பழைய ரப்பர் எல்லாப் பக்கமும் நன்றாகப் பிடித்தது தம்பி. நீ அதைப் பிய்த்துப் போட்டாய். உள்ளே காற்று வரும் துளைகளை எந்த டப்பாவும் அடைக்காமல் பார்த்துக்கொள். பின்சுவரில் பனி கட்டியாகப் படர்ந்திருந்தால் தானாக உருக்கும் பாகம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அதற்கு ஆள் கூப்பிடத்தான் வேண்டும். உன் பெட்டியில் பனி படரவில்லை. சூடான எதையும் யாரும் உள்ளே வைக்கவில்லை. கோடையில் கராஜ் அடுப்பு மாதிரி கொதிக்கும், அதனால்தான் என்று நீ அப்போது சொன்னாய். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இப்போது டிசம்பர். உங்கள் சான் ரமோனில் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. இப்போதும் பதினாலு என்றால் வெயிலைக் குற்றம் சொல்ல முடியாதே.

ஃப்ரீசர் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்தச் சூடு வெளியேறும் இடம் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. முன்பக்கம் கீழே கறுப்பு பிளாஸ்டிக் தட்டி ஒன்று இருக்கும், விரலை விட்டு இழுத்தால் கழன்று வரும். அதற்குப் பின்னால் வளைந்து வளைந்து போகும் குழாய்தான் காயில். அதன் மேல் காற்றை இழுத்து விட ஒரு சின்ன ஃபேன். நான் நியூ ஜெர்சிக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், நீயும் நித்யாவும் குழந்தையின் பாஸ்போர்ட்டுக்காகப் போயிருந்த அன்று, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளிதான் தெரிந்தது. தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது. மோந்து பார்த்தேன். பூண்டு வாசனை.

என்ன நடந்திருக்கிறது என்று அங்கே படுத்துக்கொண்டே புரிந்தது. பக்கத்தில் துணி உலர்த்தும் டிரையரின் குழாய் லூஸாகி, குழந்தைத் துணியின் பஞ்செல்லாம் கராஜுக்குள்தான் பறக்கிறது. இந்தப் பக்கம் நான் மூன்று மாதமாக வதக்கியும் வறுத்தும் கிளப்பிய எண்ணெய்ப் புகை. இரண்டையும் அந்தச் சின்ன ஃபேன் விடாமல் உள்ளே இழுத்து, குழாய் மேல் அப்பி வைத்திருக்கிறது. பெட்டி தன் சூட்டை வெளியே விட வழியில்லாமல் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு இரண்டடி தள்ளி அடுப்பு வேறு எரிகிறது. பால் ஊறட்டும் என்று நான் சமைத்த சமையல், ஊறிய பாலைக் கெடுக்கப் பார்த்திருக்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, கொஞ்ச நேரம்.

வேக்குவம் க்ளீனருக்கு அது அசையவில்லை. வளைகாப்புக்கு வந்த பரிசுகளில் பிரிக்காத பாட்டில் பிரஷ் ஒன்று நீளக் காம்போடு இருந்தது. அதை வெந்நீரிலும் பாத்திர சோப்பிலும் நன்றாக நனைத்து உதறி, எட்டின வரைக்கும் தேய்த்துத் துடைத்தேன். காய்ந்ததும் பிளக்கைச் சொருகினேன். மறுநாள் காலை பூஜ்யம் காட்டியது. நீ உன் புது ரப்பரால்தான் என்று சந்தோஷப்பட்டு, யாரோ நண்பனுக்கு ஃபோன் பண்ணி, "டேய், நானே ஃபிக்ஸ் பண்ணிட்டேன்டா" என்று சொன்னாய். பக்கத்தில்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். நான் துடைத்தது அரைகுறைதான், பிரஷ் எட்டாத இடம் நிறைய. அதே அடுப்பு அதே இடத்தில் எரிகிறது, அதே பஞ்சு பறக்கிறது. திரும்ப அடைத்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. புதுப் பெட்டி வாங்கினாலும் வசந்த காலத்துக்குள் இதே கதைதான் நடக்கும்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். காயிலைச் சொன்னால் எண்ணெயைச் சொல்ல வேண்டும். எண்ணெயைச் சொன்னால் அடுப்பு ஏன் கராஜில் இருக்கிறது என்ற பேச்சு வரும். ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

நான் வந்து இறங்கிய மறுநாளே நீ என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். மேசை, கேஸ் அடுப்பு, மசாலா டப்பாக்களுக்குத் தட்டு, உட்கார மடக்கு நாற்காலி எல்லாம் இருந்தது. "பாரும்மா, பாட்டு கேக்க ஸ்பீக்கர்கூட வெச்சிருக்கேன். உள்ள ஓப்பன் ஃப்ளோர் ப்ளான், நடுவுல சுவரே இல்ல, ஸ்மெல் அப்ஸ்டேர்ஸ் வரைக்கும் போயிடும். இங்க எல்லாருமே இப்படித்தாம்மா." நீ ஆசையாகத்தான் செய்திருந்தாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே பல வீடுகளில் அப்படித்தான் என்பதும் உண்மை. ஆனால் தம்பி, எனக்கு வருத்தமாக இருந்தது. நான் பேத்தியைப் பார்க்க வந்தேன். வந்து, காலை முழுக்கக் கார் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் போகும் அந்தக் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். டிடர்ஜென்ட் கேனை முட்டுக்கொடுத்து வைப்பேன். நீ வந்து, "ஸ்மெல் வருதும்மா" என்று அதை எடுத்துவிட்டு மூடுவாய். மூடியபின் உள்ளே யார் சிரிக்கிறார்கள், குழந்தை அழுகிறதா, ஒன்றும் கேட்காது. குழந்தை முதல்முதலாகச் சத்தமாகச் சிரித்தபோது நான் சுறாவைப் புட்டாக உதிர்த்துக்கொண்டிருந்தேன். நித்யா வீடியோ எடுத்து வைத்திருந்தாள், அப்புறம் பார்த்தேன்.

வாசனைக்குப் பயப்படுவது உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நியூ ஜெர்சியில் அந்த பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் இருந்தபோது, மூன்றாம் வகுப்பில், உன் ஜாக்கெட்டை மோந்து ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டான் என்று வந்து சொன்னாய். அழவில்லை, ஆனால் ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் எறிந்தாய். அன்று சாயங்காலமே நான் ஜிப் வைத்த உறை வாங்கிவந்து, எல்லா ஜாக்கெட்டையும் அதில் போட்டுப் படுக்கையறை அலமாரிக்குள் மாட்டினேன். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. தாளிப்பதை நிறுத்தவில்லை. ஜாக்கெட்டைத்தான் நகர்த்தினேன், அடுப்பை நகர்த்தவில்லை. அடுப்புக்கு எதிரே இருந்த கவுன்டரில் உட்கார்ந்துதான் நீ ஹோம்வொர்க் பண்ணினாய். முதல் ஈடு வடை உனக்கு. பள்ளியில் நடந்தது எல்லாம், மூக்கைப் பிடித்த பையன் உட்பட, அங்கே உட்கார்ந்துதான் சொன்னாய். நீ யார் என்று எனக்குத் தெரிந்தது அந்த அடுப்படியில்தான்.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான். சனிக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை முன்னால் இழுத்து, காயிலை இந்தத் தடவை முழுக்கத் துடை. ஃபேன் இறக்கையையும் துடை. டிரையர் குழாயை இறுக்கு. அடுப்பை உள்ளே கொண்டுபோ. வீடு வாங்கின அன்று எனக்கு வீடியோ காலில் பெருமையாகக் காட்டினாயே, சமையலறை அடுப்புக்கு மேலே பெரிய எக்ஸாஸ்ட், "வெளிய வரைக்கும் டக்ட் போகுதும்மா" என்று, அதை ஒருநாளாவது போட்டிருக்கிறாயா? நான் இருந்தவரை அதன் ஸ்விட்சில் ஒட்டிய ஸ்டிக்கரையே நீ பிரிக்கவில்லை. அதைப் போடு. ஜன்னலைத் திற. சோபாவுக்கு ஒரு விரிப்புப் போடு. அப்புறமும் வாசனை வந்தால் வரட்டும், உன் வீட்டில் நீ சாப்பிடுகிற சாப்பாட்டின் வாசனைதானே. இத்தனையும் செய்து, ஒரு நாள் காத்திருந்தும் பதினாலிலேயே நின்றால், அப்போது ஆள் கூப்பிடு, இல்லை புதிது வாங்கு. உன் அப்பா, "பழசைக் கட்டிக்கிட்டு அழாதீங்க, புதுசே வாங்கச் சொல்லு" என்கிறார். அவர் எதற்கும் அதையே சொல்வார்.

எனக்கு நடந்ததற்காக மட்டும் என்றால் இந்தக் கடிதத்தைப் பாட்டில் பிரஷோடு நிறுத்தியிருப்பேன். நான் உன் அம்மா, உன்னைக் கோபித்துக்கொள்ளலாம், திட்டலாம், திரும்ப வரலாம். ஆனால் போன வாரம் சம்பந்தி அம்மா எனக்கு வீடியோவில் வந்தார்கள். மகள் பிரசவத்துக்கு வர ஆசைப்பட்டு, விசாவுக்குத் தேதி கிடைக்காமல், நான் கிளம்பின பிறகுதான் அவர்களால் வர முடிந்தது. உன் காலேஜ் ஸ்வெட்ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, நான் உட்கார்ந்த அதே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஃப்ரீசரின் வெள்ளைக் கதவு தெரிந்தது.

"என்ன சம்பந்தி, குளிருதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லைங்க. இங்கதான் வசதியா இருக்கு. உள்ள எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்குதுல்ல, எண்ணெய் தெறிச்சா மாப்பிள்ளைக்குக் கஷ்டம்" என்று சிரித்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாப்பா அழுதா மட்டும் இங்க கேக்க மாட்டேங்குது. அது ஒண்ணுதான்" என்றார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மூன்று மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்து நானும் அப்படித்தான் சிரித்தேன். அவர்கள் உன்னிடம் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், நீ மாப்பிள்ளை. நித்யாவும் கேட்க மாட்டாள். எனக்காகவே கேட்காதபோது தன் அம்மாவுக்காகக் கேட்டால் தப்பாகிவிடுமோ என்று இருப்பாள். அவர்கள் இரண்டு பேருக்காகவும் நான் கேட்கிறேன்.

இதை நித்யா உனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால், சம்பந்தி அம்மா இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார். கராஜில் இருந்தால் படிப்பதை இந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போ. அடுப்பை அணைத்து, குழந்தையை அவர்கள் கையில் கொடுத்து, உள்ளே கூட்டிக்கொண்டு வா. ஃப்ரீசரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா